ஐம்பதாயிரம் பேரும் ஒரு குரலும்

அயர்லாந்தின் லிமரிக் ஊரில் ரக்பி பந்தைக் கோலுக்கு உதைக்க ஒருவன் தயாராகிவிட்டால், அவன் எதிரணிக்காரனாகவே இருந்தாலும், மைதானத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தவள்கூடக் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டு நிற்பாள். அந்த வழக்கத்துக்கு ஊரில் ஒரு காவல்காரர் உண்டென்றால் அவர் மாலக்கி ஹார்ட்டிகன்தான்.

வயது ஐம்பத்தெட்டு. தபால் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கிளப் மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டி நடந்துகொண்டிருப்பார். எதிரணி உதைக்கப் போகும்போது ஆள்காட்டி விரலைத் தூக்கி உதட்டில் வைப்பார். அவ்வளவுதான், எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். சொந்த மைத்துனன் ஒருமுறை விசிலடித்தபோது, தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிப் போய் வெளியே விட்டுவிட்டு வந்தார். டப்ளின் மைதானத்தில் மௌனம் செத்துக்கொண்டிருக்கிறது என்று கிளப் மலரில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த சம்பந்தி ஒரு பிரெஞ்சுக்காரர்.

மகள் ஓர்லாவுக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா ரெஜிஸ் லகாஸ், பிரான்ஸின் தெற்கே தார்ப் என்ற ஊரில் டிராக்டர் பழுது பார்ப்பவர். இளவயதில் நான்கு வருடம் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் பேச்சுக்குக் கஷ்டமில்லை. நிச்சயதார்த்தத்துக்காக மாலக்கி அங்கே போயிருந்தபோது ரெஜிஸ் அவரை உள்ளூர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். எதிரணிக்காரன் உதைக்க நின்றதும் கேலரி முழுக்க விசில், ஊளை. ரெஜிஸும் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார்.

மாலக்கி பொறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"சம்பந்தி, எங்க ஊர்ல இப்படிப் பண்ணினா மனுஷன் வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்கே போகமாட்டான்."

சுற்றி ரெஜிஸின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர். முப்பது வருடமாக ஒரே வரிசையில் உட்கார்கிறவர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ரெஜிஸின் காது சிவந்தது. ஆனால் விருந்தாளியிடம் என்ன சொல்ல முடியும்?

இப்போது பிப்ரவரி. டப்ளினில் அயர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஆட்டம். கிளப்புக்கு வந்த டிக்கெட்டுகளில் இரண்டை வாங்கி, சம்பந்தியை வரவழைத்திருந்தார் மாலக்கி. காலை ரயிலில் ஹாம் சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியபடியே, "இன்னிக்குப் பாருங்க. உங்க ஆளு உதைக்கும்போது ஐம்பதாயிரம் பேரும் மூச்சு விடமாட்டாங்க. அதுதான் ரக்பி" என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த டெக்லன் சிரித்தான். கிளப்பின் பொருளாளன், மாலக்கியோடு ஒன்றாகப் பள்ளியில் படித்தவன். "பார்த்து சம்பந்தி. தும்மினாக்கூட இவன் உங்களை ரயில் ஏத்தி அனுப்பிடுவான்."

"நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றேன்" என்றார் ரெஜிஸ்.

சொன்னபடியே செய்தார். டெக்லனும் மற்ற கிளப் ஆட்களும் எதிர்ப்புற கேலரிக்குப் போய்விட, இவர்கள் இருவருக்கும் தெற்குக் கோல்கம்பத்துக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அயர்லாந்து முதல் பெனால்ட்டியை உதைக்க நின்றதும் ரெஜிஸ் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். தடித்த விரல்கள், பழக்கதோஷத்தில் தானாக மேலே போய்விடக் கூடாதே. மாலக்கிக்கு மனசு குளிர்ந்தது. பள்ளிக்கூடம் வைத்து ஒரு பிள்ளையைத் தேற்றிவிட்ட திருப்தி.

நல்ல ஆட்டம். மழை வந்து போனது. அயர்லாந்தின் பச்சைத் தொப்பிகளுக்கு நடுவே பிரான்ஸின் நீலத் தொப்பிகள் கும்பல் கும்பலாகப் பாடின. கீழ்ப்படியில் ஒரு பிரெஞ்சுக்காரன் தங்கள் அணிச் சின்னமான சேவலை உயிரோடு கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்திருப்பதாக வதந்தி கிளம்பி, பத்து வரிசை எழுந்து நின்று பார்த்தது. வறுத்த வெங்காய வாசனை, ஈரக் கம்பளி நாற்றம், சிந்திய பீர். முன்வரிசையில் ஒரு அம்மாள் பிளாஸ்க்கிலிருந்து சூப் ஊற்றிப் பேத்திக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அயர்லாந்து முன்னால் போவதும் பிரான்ஸ் துரத்துவதுமாக எழுபத்தொன்பதாவது நிமிடம் வந்தது. அயர்லாந்து இருபது. பிரான்ஸ் பதினெட்டு.

அப்போதுதான் நடுவர் பிரான்ஸுக்குப் பெனால்ட்டி கொடுத்தார். இரண்டு அணியிலும் எட்டெட்டுப் பேர் தலை கொடுத்து முட்டித் தள்ளியபோது அயர்லாந்து ஆள் வேண்டுமென்றே சரிந்தானாம்.

"அநியாயம்" என்றார் மாலக்கி. "வழுக்கி விழுந்தான். மழை பெஞ்ச தரை. கண்ணில்லையா அந்தாளுக்கு?"

உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. அதோடு ஆட்டம் முடிந்துவிடும்.

உதைப்பவனுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பந்தை நிறுத்தினான். நான்கு அடி பின்னால் வந்தான். பக்கவாட்டில் இரண்டு அடி. தலையைத் தூக்கி இவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான்.

மௌனம் இறங்கியது. எங்கோ நான்கைந்து "ஷ்ஷ்" கேட்டு, அதுவும் அடங்கியது. கூரைமேல் கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் கேட்டது. வருடக்கணக்காக மாலக்கி சொல்லிவந்த அதே மௌனம், சம்பந்திக்குக் காட்டுவதாக வாக்குக் கொடுத்த மௌனம், அச்சு அசலாக அவர் கண்முன்னே.

பையன் ஓடி வந்தான்.

"ஓய்!"

யாரோ கத்தினார்கள். கரகரத்த, அசிங்கமான குரல். ஐம்பதாயிரம் பேருக்கு நடுவே அந்த ஒற்றைக் குரல் கூரைவரை போய் மோதியது. பையனின் ஊன்றுகால் ஒரு கணம் தயங்கியது. பந்து வலதுகம்பத்தில் பட்டுத் தெறித்துக் கோலுக்கு முன்னால் விழுந்தது. பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் அதை எடுத்துக் கேலரிக்குள் உதைத்தான். நடுவர் கடைசி விசிலை ஊதினார். அயர்லாந்து ஜெயித்துவிட்டது.

சுற்றிலும் எல்லோரும் எழுந்து ஆடினார்கள். முன்வரிசை அம்மாள் மட்டும் ஆடவில்லை. திரும்பி, கையில் சூப் மூடியோடு, மாலக்கியை ஏற இறங்கப் பார்த்தாள். பேத்தியும் பார்த்தது.

அப்போதுதான் தன் வாய் இன்னும் திறந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. தொண்டை எரிந்தது.

அவர் மெதுவாகப் பக்கத்தில் திரும்பினார். ரெஜிஸ் அசையவில்லை. கைகள் இன்னும் தொடைகளுக்கு அடியிலேயே இருந்தன. தன் அணி உதைக்கும்போதுகூட அவற்றை வெளியே எடுத்திருக்கவில்லை.

"போலாமா?" என்றார் ரெஜிஸ்.

மைதானத்தைச் சுற்றிப்போகும் தெருவில் கூட்டம் பாடிக்கொண்டு நகர்ந்தது. மாலக்கி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் வருகிற ஒவ்வொரு காலடிச் சத்தமும் சூப் அம்மாளுடையதாக இருக்குமோ என்று முதுகு கூசியது. மன்னிப்புக் கேட்க நான்கு முறை வாயெடுத்தார். நான்கு முறையும் யாராவது குறுக்கே வந்து அவரைக் கட்டிப்பிடித்து, ஜெயித்துவிட்டோம் என்றார்கள்.

ரயிலுக்கு முன்னால் வழக்கமாகக் கூடும் பப்பில் டெக்லனும் மூன்று கிளப் ஆட்களும் மேசை பிடித்து வைத்திருந்தார்கள். ஜெயித்த சந்தோஷம் இருந்தும் டெக்லன் முகத்தில் கடுப்பு.

"கேட்டியா அதை? மைதானத்தோட அந்தக் கோடியில இருந்த எங்களுக்கே கேட்டுச்சு. எந்த நாய்டா அது?"

"டப்ளின்காரனாத்தான் இருக்கும்" என்றான் இன்னொருவன். "கம்பெனி டிக்கெட்டுல டை கட்டிக்கிட்டு வர்றவனுங்க. பந்து உருண்டையா நீளமான்னே தெரியாது."

"டிவியில வேற சொல்லிட்டானாம். என் பொண்டாட்டி போன் பண்றா, என்னங்க இப்படி மானத்தை வாங்கிட்டாங்கன்னு." டெக்லன் மாலக்கி பக்கம் திரும்பினான். "உங்க பக்கத்துலேர்ந்துதானே வந்துச்சு சத்தம்? ஆளைப் பார்த்தியா?"

மாலக்கி கிளாஸைப் பார்த்தார். "ம்..." என்றார்.

அந்த "ம்" என்ற ஒற்றை எழுத்தில் அவர் எவ்வளவு தூரம் ஓடி ஒளிந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

"நான் பார்த்தேன்" என்றார் ரெஜிஸ்.

மாலக்கி கிளாஸை மேசையில் வைத்தார். ஆகட்டும், சொல்லட்டும். தார்ப்பில் தான் செய்ததைத்தானே அவர் இங்கே செய்யப்போகிறார். நியாயம்தான்.

"எங்களுக்குப் பின்னாடி ஒரு வாலிபன். நல்ல குடி. சம்பந்திதான் எழுந்து நின்னு அவனை நல்லா திட்டினார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போய்ட்டான்."

"அதான் எங்க மாலக்கி" என்று மேசையைத் தட்டினான் டெக்லன். "ஏய், இவனுக்கு ஒண்ணு ஊத்துப்பா. இந்த மாசம் மலர்ல நீ எழுதணும்யா. உன் பெயர் போட்டே எழுது, டப்ளின்காரனுங்களுக்கு உறைக்கணும்."

நான்கு பேரும் கிளாஸைத் தூக்கினார்கள். ரெஜிஸும் தூக்கினார். மாலக்கியைப் பார்க்கவில்லை.

அவர் ஏசியிருந்தால் மாலக்கி தாங்கியிருப்பார். நண்பர்கள் முன்னால் யாரைத் தலைகுனிய வைத்தாரோ, அதே மனிதர் இப்போது இவருடைய நண்பர்கள் முன்னால் இவர் தலையைத் தாங்கிப் பிடிக்கிறார். அதற்காகத் தன் வாயால் பொய் சொல்கிறார்.

"நான்தான்" என்றார் மாலக்கி.

"என்ன நீதான்?"

"கத்தினவன். பின்னாடி யாரும் இல்ல. நான்தான் கத்தினேன்."

டெக்லன் சிரித்தான். "குடிக்கறதுக்கு முன்னாடியே ஏறிடுச்சா?"

"டெக்லன். நான்தான்."

டெக்லன் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு ரெஜிஸைப் பார்த்தான். ரெஜிஸ் பீர் நுரையை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு டெக்லன் முகத்திலிருந்து மெல்ல வடிந்தது. யாரும் திட்டவில்லை. ஒருவன் கடிகாரம் பார்த்தான். ஒருவன் கோட்டைத் தேடினான்.

"ரயிலுக்கு நேரமாச்சு" என்றான் டெக்லன்.

ரயிலில் டெக்லனுக்கு எதிர்ப்புறம் எப்போதும் மாலக்கியின் இடம். அன்று அங்கே டெக்லனின் கோட்டு உட்கார்ந்திருந்தது. மாலக்கி தாண்டிப் போய் அடுத்த பெட்டியில் உட்கார்ந்தார். ரெஜிஸ் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"எதுக்குச் சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுட்டேனே."

"அதனாலதான்."

ரயில் கில்டேர் ஊரைத் தாண்டியது.

"அன்னிக்கு உங்க ஆளுங்க முன்னாடி உங்க கையைப் பிடிச்சு இழுத்தேனே" என்றார் மாலக்கி. "மன்னிச்சிடுங்க."

ரெஜிஸ் தோளைக் குலுக்கினார். "அன்னிக்குக் கோபம்தான். உங்க பொண்ணு வேண்டாம்னுகூட வீட்டுல சொன்னேன், பொண்டாட்டி என்னைத் திட்டினா. அப்புறம் அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். விரல் வாய்வரைக்கும் போச்சு, விசில் வரலை. அதுக்கப்புறமும் வரலை. கூட இருக்கறவங்க என்னை ஐரிஷ்காரன்னு கூப்பிடறாங்க." சற்று நிறுத்தினார். "பரவாயில்லைன்னு சொல்லலாம்னுதான் பார்த்தேன். எங்க ஊர்ல இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, எல்லாரும் கத்துவோம்னு. ஆனா இப்ப எனக்கே அப்படிச் சொல்ல வரலை."

மாலக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் தன் முகம்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. ரெஜிஸுக்கு மாலையில்தான் விமானம். மாலக்கி வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று பார்த்தார். ரெஜிஸ் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கிளப் மைதானத்தில் வழக்கமான கூட்டம், நூற்றைம்பது பேர். செய்தி வந்து சேர்ந்திருந்தது என்பது அவர்கள் வணக்கம் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் அதிக மரியாதை, கொஞ்சம் அதிக வேகம். டெக்லன் தலையை மட்டும் அசைத்தான்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்குப் பெனால்ட்டி. உதைப்பவன் பந்தை நிறுத்தினான். கம்பியோரம் இரண்டு விடலைகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் பழக்கத்தில் மாலக்கியின் பக்கம் திரும்பியது.

மாலக்கியின் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. ஆள்காட்டி விரல் அங்கே துடித்தது. ஆனால் மேலே வரவில்லை. அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் ஏதோ அசைந்தது. கிரீஸ் படிந்து கறுத்த நகமுள்ள தடித்த விரல் ஒன்று மெல்ல உயர்ந்து, ரெஜிஸின் உதட்டில் அமர்ந்தது.

"ஷ்ஷ்" என்றார் ரெஜிஸ்.

மைதானம் அடங்கியது. மாலக்கி நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்து உதைபடும் சத்தம் மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.