பதுளை சேர்வரில் ஒரு பெயர்

அண்ணனின் நெற்றியில் ஜீவராணி திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது போன் மறுபடியும் அதிர்ந்தது. பதுளையில் இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் ஜாபிர். அவரிடம்தான் அண்ணன் கிஷாந்தன் கணினி வேலை பார்த்தான். நேற்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன், எழும்பவேயில்லை.

தோட்ட லயத்து வீட்டுக்குப் பின்னால் போய்ப் பேசினாள்.

"தங்கச்சி, இந்த நேரத்துல கேக்கக்கூடாது. எங்க பசறைக் கிளையால பதுளை சேர்வருக்குள்ள போக ஏலாம இருக்கு. ஒரு புள்ளைக்கு டெங்கு. ரிப்போர்ட் இல்லாம டொக்டர் காத்துக்கிட்டிருக்கார். அவசரத்துக்கு உங்களுக்கும் ஒரு பாஸ்வேர்ட் குடுத்திருக்கிறதா கிஷாந்தன் சொல்லியிருந்தாரு..."

"பாக்குறேங்க."

தன் லெப்டொப்பை அடுப்படிக்குக் கொண்டுபோய்த் திறந்தாள். இணைய லைனில் பிழையில்லை. பாஸ்வேர்டும் சரி. ஆனால் சேர்வர் உள்ளே விடவில்லை. ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், ஒருவரை வெளியேற்றுங்கள் என்றது. ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அங்கே இடம். கீழே இரண்டு பெயர்கள். ஒன்று, வேலை நடந்துகொண்டிருக்கும் லுணுகலைக் கிளை. மற்றது கிஷாந்தன்.

நேற்றுக் காலை பஸ் ஹோர்ன் கேட்டதும், சேர்வரிலிருந்து வெளியேறாமலே லெப்டொப்பை மூடிவிட்டு ஓடியிருந்தான்.

அவள் கொழும்பில் படித்த நாட்களில் கணினி மக்கர் பண்ணினால், அவன் இங்கிருந்தே அதற்குள் வருவான். அவள் கையை எடுத்துக்கொள்வாள். திரையில் அம்பு தானாக நகரும். பெட்டிகள் திறக்கும், மூடும். எல்லாம் சரியான பிறகும் போகமாட்டான். வெற்றுப் பக்கமொன்றில் எழுத்து எழுத்தாக வரும்: 'சாப்ட்டியா?' அவளும் அதன் கீழேயே பதில் அடிப்பாள். விடுதி அறையில் தனியாக இருக்கிற மாதிரியே தோன்றாது. சில நாள் வேண்டுமென்றே எதையாவது கெடுத்து வைத்துவிட்டு அவனைக் கூப்பிடுவாள்.

அம்பை அவன் பெயர்மேல் வைத்தாள். விரல் இறங்கவில்லை. முற்றத்தில் பாடைக்கு மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது.

அழுத்தினாள். பெயர் போய்விட்டது. உள்ளே நுழைந்து பார்த்தாள். பிறகு பசறைக்கு இடம்விட்டுத் தானும் வெளியேறினாள்.

"ரிப்போர்ட் வந்திருச்சு தங்கச்சி," என்றார் ஜாபிர் போனில்.

திரும்பினால், அம்மா வந்து நின்றாள்.

"யாருடி போன்ல?"

"அண்ணன் வேலை செய்ற எடம்மா. கம்ப்யூட்டர் ஏதோ மக்கராம்."

"அவன் சரிபண்ணிக் குடுத்துட்டானா?"

ஜீவராணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாம்மா."

அம்மா தலையாட்டினாள். மகளின் முதுகில் அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி, அவசரமில்லாமல் சிக்கெடுத்து முடிந்துவிடத் தொடங்கினாள்.