கழற்றி வைத்த வளையல்

பாஞ்சாலையின் விறைத்த கையில் கண்ணாடி வளையல் ஏறவில்லை. குளிப்பாட்டிய பெண்கள் சோப்பு நுரை தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்துப் பார்த்தார்கள். சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே.

"விடுங்கடி. உசுரோட இருக்கசொல்லவே கழட்டுனவ, இப்ப போட்டுக்கினு இன்னா பண்ணப் போறா?" என்றாள் மாமியார் ஜோதியம்மாள்.

பெண்கள் வளையலைக் கீழே வைத்தார்கள். வாசலில் பாடை கட்டும் இடத்தில் குந்தியிருந்த மகன் தருமன் காதிலும் விழுந்திருக்கும். விழட்டும். லாரியிலேயே குடியிருக்கிற அந்த வெகுளிக்கு என்ன தெரியும்?

ஜோதியம்மாளுக்குத் தெரியும். வளைகாப்பில் போட்ட வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை எவளாவது கழற்றுவாளா? இவள் கழற்றினாள். டவுன் கடலை மில்லுக்குக் கிளம்பும் காலைகளில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாய் உருவி முந்தானையில் முடிந்துகொள்வாள். சாயங்காலம் கை குலுங்க, ஒன்றும் அறியாதவள் போல வருவாள். தான் பிள்ளைத்தாய்ச்சி என்பது யாருக்குத் தெரியக் கூடாதாம்? ஒருநாள் மாமியார் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். மில் வாசலில் மேஸ்திரியிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள் மருமகள். அன்றைக்கே ஜோதியம்மாள் மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் தாய் போய்விட்டாள், பெண்குழந்தை பிழைத்தது. அதை இதுவரை அவள் தொடவில்லை. காரியம் முடிந்ததும் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பிவிடுவதாக இருந்தாள்.

குழந்தையை மடியில் வைத்திருந்த வேதா, பாஞ்சாலையோடு மில்லில் வேலை செய்தவள்.

"வளையலப் பாத்தா மேஸ்திரி கண்டுபுடிச்சிடுவாரும்மா" என்றாள் அவள்.

"எத்த?"

"மாசமா இருக்கறத. தெரிஞ்சா மறுநாள் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. புள்ள பெத்துக்கச் சம்பளத்தோட லீவு தரணும்னு சட்டம் இருக்குதாமேன்னு எங்ககூட வேலை செஞ்ச தனம் போய்க் கேட்டா. நீ இங்க வேலையே செய்யலன்னு சொல்லித் தொரத்திட்டாங்க. அதுலேர்ந்து எல்லாரும் மறைக்கறோம். பாஞ்சாலை கடைசி வரைக்கும் மூட்டை தூக்குனா."

ஜோதியம்மாள் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. "அவன்கிட்ட அந்தச் சிரிப்பு எதுக்குடி?"

"அவர்கிட்ட சிரிக்காம அங்க யாரும்மா வேலை பாக்க முடியும்? வலி வந்தப்பகூட சிரிச்சிக்கினேதான் நின்னா."

"என்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு அவளுக்கு?"

"நீங்க எங்க அவகிட்ட முகம் குடுத்துப் பேசுனீங்க?"

பாவி, தான் பெற்ற குழந்தையையே யாருடையதோ என்று சந்தேகப்பட வைத்துவிட்டுப் போய்விட்டாளே என்று ஜோதியம்மாளுக்குச் செத்தவள் மேல் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபம் தன் பக்கமே திரும்பிற்று. குழந்தை வீறிட்டது.

"இங்க குடு" என்று கையை நீட்டினாள்.

கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகவேண்டும் என்று வேதா எழுந்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மறு கையை இடுப்பில் வைத்து, மெல்ல மெல்ல எழுந்தாள். ஜோதியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு எத்தினாவது மாசம்?"

வேதா சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. மேஸ்திரி மாலையோட வாசல்ல நிக்கறாரு."