கேட்டுவிட்ட விலை

நான்கு மணிக்கு ஆடிட்டர் வந்துவிடுவார். குத்திக் குத்திக் கேள்வி கேட்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு ஊசி என்று பெயர். மணி இரண்டரை ஆகியிருந்தது.

கம்பெனி வாங்கி வைத்திருக்கும் கடன் பத்திரங்களுக்கு ஆண்டு முடிவில் நியாய மதிப்பு, அதாவது அன்று சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய விலை, போடுவது தங்கையின் வேலை. சரிபார்த்துக் கையெழுத்திடுவது அண்ணன். கணக்குப் பிரிவின் மேலாளர் அவர்தான். அவளை இங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

தினமும் கைமாறும் பத்திரத்துக்குத் திரையிலேயே விலை இருக்கும். இல்லாவிட்டால் அதைப் போன்ற இன்னொன்றின் விலையைப் பார்த்துப் போடலாம். இரண்டுக்கும் வழியில்லாதவை மூன்றாம் பிரிவு. அதில் ஒரே ஒரு பத்திரம் இருந்தது, ஒரு சிமென்ட் ஆலையுடையது. கம்பெனியின் சொத்தில் பாதி அதுதான். அது சரிந்தால் கம்பெனி நிற்காது.

மூன்று வருடங்களாக அவள் தரகரிடம் தொலைபேசியில் கேட்பாள். நூறு ரூபாய்ப் பத்திரத்துக்குத் தொண்ணூற்றிரண்டு என்பார். எழுதிக்கொள்வாள். இன்றும் அதையே சொன்னார். ஊசி கேட்பாரே என்ற பயத்தில், எதை வைத்து இந்த விலை என்று முதல்முறையாகக் கேட்டாள்.

"உங்க அறிக்கையை வச்சுதாம்மா. வருஷா வருஷம் நீங்கதானே அச்சடிக்கிறீங்க? பெரிய கம்பெனி, தெரியாமலா போடுவாங்கன்னு நானும் அதையே சொல்றேன்."

தொண்ணூற்றிரண்டு என்பது பத்திரத்தை வாங்கிய அன்று கொடுத்த விலை. அவள் அவரை நம்ப, அவர் அவளை நம்ப, அது அங்கேயே நின்றுவிட்டது. ஒரு சிறு பகுதியை விற்றால் யாராவது என்ன தருவார்கள், எழுத்தில் வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். மூன்றேகாலுக்கு மின்னஞ்சல் வந்தது. பதினொன்று.

அச்செடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குப் போனாள். அவர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். தாளை இரண்டு முறை படித்தார். யார் கேட்கச் சொன்னது என்றார். நான்தான் என்றாள்.

"கேக்காம இருந்திருந்தா இந்த விலையே இருந்திருக்காதே, பாப்பா."

பிறகு விதிப் புத்தகத்தை இழுத்துப் புரட்டினார். நெருக்கடியில் விற்பவனுக்குக் கிடைக்கும் விலை நியாய மதிப்பு ஆகாது என்று ஒரு பத்தி உண்டு. அதில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாதபோது டாக்டரைப் பார்க்கும் பார்வை அது.

"நமக்கு நெருக்கடி இல்லண்ணே. சும்மாதான் கேட்டோம். தரகர் எழுதியிருக்காரு, ஆலையில சூளை அணைஞ்சு பதினாலு மாசம் ஆச்சாம்."

அவர் விரலை எடுத்தார். பழைய மதிப்புத் தாள்கள் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் கீழே அவருடைய கையெழுத்து. ஐம்பத்து நான்கு வயதில் இனி யார் வேலை தருவார்கள் என்று தாள்களிடமே கேட்டார். பிறகு இந்த வருடத்து மதிப்புத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். கணக்கிட்டவர் என்ற கட்டத்திலும் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது தப்பிக்கணும்."

கையோடு கொண்டுவந்திருந்த அந்தத் தாளை அவள் நீட்டினாள். பதினொன்று என்று எழுதி, கணக்கிட்டவர் கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அவசரக்குடுக்கை," என்றார், சின்ன வயதில் திட்டுவது போலவே.

வெளியே லிஃப்ட் திறந்தது. ஊசியின் இருமல் கேட்டது. அண்ணன் தொடாத சாப்பாட்டை மூடிவிட்டுப் பேனாவைத் தேடினார். அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை.