பேசாமல் கடந்த ஐந்து பாலங்கள்

கியெம் செத்து ஐம்பத்திரண்டாம் நாள் காலையில், தன் பழைய ஸ்கூட்டரின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். பின் டயர் இரண்டு விரற்கடை அமுங்கியது. அவன் பெண்டாட்டி மியென் இறங்கி டயரை ஒரு தடவை பார்த்துவிட்டு, தெருமுனைக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு ஆள் போகிற அளவுக்குக் காற்றடிக்கச் சொன்னாள். கடைக்காரன் அவள் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தான், கால் வைக்கும் இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த அஸ்திக் கலசத்தைப் பார்த்தான், பின்னால் வெறிச்சென்றிருந்த இருக்கையையும் பார்த்தான். இரண்டு ஆளுக்கே காற்றடித்துக் கொடுத்தான். தெத் புத்தாண்டுக்கு ஆறு நாள் இருந்தது. அந்த வாரத்தில் தெற்கே பின் யுவோங் மாகாணத்திலிருந்து வடக்கே போகிற எந்த ஸ்கூட்டரும் சும்மா போவதில்லை.

வடக்கே இருக்கிற எங்கள் ஹாதின் மாகாணத்து ஆட்கள் வருஷம் பூராவும் தெற்கே செருப்புக் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் கிடந்து சாவார்கள். தெத் வந்துவிட்டால் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டரை ஸ்கூட்டரிலேயே ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேருவார்கள். அந்த வருஷம் கியெம் வரவேண்டிய விதம் வேறாகிவிட்டது. கார்த்திகை மழையில் வழுக்கிக் கிடந்த மூன்றாம் மாடிச் சாரத்தில், இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறினான். ஐந்து நிமிஷ வேலைக்குக் கயிறு எதற்கு என்று நினைத்திருப்பான், பாவம். அவனை அங்கேயே எரித்துவிட்டு, அஸ்தியை எடுத்துக்கொண்டு போக மியெனுக்கு ஸ்கூட்டரை விட்டால் வேறு வழியில்லை. கூட வேலை செய்த தோவான் பெரியவர் விவரம் சொல்லி அனுப்பினார். செத்தவர்களால் தானாகத் தண்ணீரைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு பாலத்திலும், படையலுக்கென்று விற்கிற காகிதப் பணம் ஒன்றைக் காற்றில் விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடாவிட்டால் இறங்கி அங்கேயே நின்றுவிடுவார்கள். சின்னப் பாலம் பெரிய பாலம் என்று பார்க்கக் கூடாது, வாய்க்கால் பாலமானாலும் கூப்பிடத்தான் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஒரே மாவட்டத்து ஆட்கள் பத்துப் பதினைந்து வண்டியாகச் சேர்ந்து போவதுதான் வழக்கம். மியெனிடம் ஏழு மணிக்குக் கிளம்புகிறோம் என்று சொன்னவர்கள் ஐந்து மணிக்கே போய்விட்டிருந்தார்கள். தெத் சமயத்தில் துக்கக்காரியோடு சேர்ந்து போக யாருக்கு மனசு வரும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் தனியாகத்தான் ஓட்டினாள். ஃபான் தியெட்டைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தி, பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். அமுங்கிய டயரை வைத்துத்தான் கேட்டிருக்கிறார். அப்புறம் கலசம் கண்ணில் பட்டதும் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பார்த்துப் போம்மா என்றார். மியெனுக்கு அந்த ஹெல்மெட் கேள்வி சரியென்று பட்டது. அடுத்த ஊரிலேயே ஒரு ஹெல்மெட் வாங்கி இருக்கையோடு சேர்த்துக் கட்டினாள். சாப்பிட உட்கார்ந்த இடத்திலெல்லாம் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சொன்னாள்; ஒன்று அவள் சாப்பிடுவதற்குள் மற்றது ஆறிப் போகும். பாலம் வரும்போதெல்லாம், "இந்தாங்க, பாலம் வருது, என் பின்னாலயே வாங்க," என்றாள். முதல் நாள் நாற்பத்தொரு பாலம். இரண்டாம் நாள் எண்ணவில்லை, ஆனால் ஒன்றையும் விடவில்லை. கணவாயில் ஏறும்போது வண்டி முனகியது, இறங்கிக் கொஞ்சம் நடக்கிறீர்களா என்று கேட்டாள். மூன்று மேடு வரைக்கும் வண்டி லேசாகப் போனது.

நாலாம் நாள் காலையில் டோங் ஹாவைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. சாலையோரம் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் மேல் ஒருத்தன் சீட்டியடித்தபடி பூசிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் மஞ்சள் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. மியெனுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை. ஐம்பத்தைந்து நாளாக அழுதவள், அழவேண்டியதை எல்லாம் விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். அவனுக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு எங்கே போச்சு, அரை முழக் கயிறு கட்டினால் கை தேய்ந்துவிடுமா, உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஓட்டினாள். பக்கத்தில் வந்த லாரிக்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் தொண்டை கட்டிப்போய், "இனிமே உங்ககூட எனக்குப் பேச்சே கிடையாது," என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் உள்ளதுதான். அவர்களுக்குக் கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் நூறு தடவையாவது அப்படிச் சொல்லியிருப்பாள். அரைமணி நேரம், முக்கால் மணி நேரம், அதற்கு மேல் அவளால் தாக்குப்பிடிக்க முடியாது. அன்றைக்கும் அவ்வளவுதான் தாக்குப்பிடித்தாள். தூறல் ஆரம்பித்ததும் மனசு கேட்காமல், "குளிருதா?" என்று கேட்டுவிட்டாள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஐந்து பாலம் போயிருந்தது. அது அவளுக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் டயர் அமுங்கினது அமுங்கினபடியே இருந்தது.

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தாள். கியெமின் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். கலசத்தை இரண்டு கையாலும் வாங்கி, படையல் மேடையில் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, வாடா என் ராசா என்று கூப்பிட்டாள். வெளியே டயர் மெல்ல எழும்பியது. அதே சமயம், கியெம் கையால் பன்னிரண்டு வருஷம் சோறு தின்ற நாய், ஸ்கூட்டரின் பின் இருக்கையைப் பார்த்துக் குரைத்தது. வீட்டுக்குள் போகிற யாரையோ துரத்திக்கொண்டே குரைத்தது. துக்க வீட்டில் நாயை யார் கவனிப்பார்கள். மறுநாள் படையலில் மகனுக்குப் பிடித்த காந்தல் சோற்றை மீன் குழம்போடு வைத்தாள் அம்மா. அது வைத்தபடி இருந்தது. முன்னோருக்கென்று வைத்த அரிசிச் சாராயக் கோப்பை மட்டும் காலியாகியிருந்தது. கியெம் ஒரு சொட்டு குடித்தாலும் உடம்பெல்லாம் தடித்துப் போகும், கல்யாணத்தன்று கூடத் தேநீரைத்தான் கோப்பையில் ஊற்றிக்கொண்டு சமாளித்தான். வந்தவர் உள்ளறைப் பக்கமே போகவில்லை. கதவோரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார், அதுவும் விளிம்பில். இருக்கையின் பிரம்பு அங்கேதான் பள்ளமாயிற்று. அம்மா நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். புத்தாண்டு மூன்றாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மகளே, நீ யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?" என்று கேட்டாள்.

மியென் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், திட்டியதையும் சொன்னாள், பேச மாட்டேன் என்றதையும் சொன்னாள். சொல்லச் சொல்லத்தான் அந்த ஐந்து பாலமும் அவளுக்கே தெரிய வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கியெமின் அம்மா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று மியென் பின்னால் பல தடவை நினைத்திருக்கிறாள். மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெற்கே நூற்றறுபது கிலோமீட்டர் போய், ஐந்து பாலத்திலும் காகிதப் பணத்தை வீசி, கெஞ்சிக் கூத்தாடி, என் ராசா ஏறிக்கோங்க, இனி ஜென்மத்துக்கும் திட்ட மாட்டேன் என்று கூப்பிட்டாள். மூன்றாவது பாலத்தில் டயர் அமுங்கியது. உயிரே திரும்பி வந்த மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தாள். நாய் குரைத்தது. இந்த முறை தரையெல்லாம் ஈரக் காலடி, டயர் செருப்புப் போட்ட காலடி.

டோங் ஹா இருக்கிற குவாங் ட்ரி மாகாணத்துப் பாலங்களில் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டையில் போனவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், லாரி தட்டிப் போனவர்கள், அவசரத்தில் கூப்பிட மறந்து விடப்பட்டவர்கள். ஐம்பது வருஷமாக ஒருத்தர் வாயிலிருந்தும் வா என்ற சொல்லைக் கேட்காதவர்களுக்கு, அது யாருடைய பெயரோடு வந்தால் என்ன. ஏறிவிடுவார்கள். ஓட்டுகிறவளுக்குத் திரும்பிப் பார்த்தாலும் வெறும் இருக்கைதான் தெரியும். யார் என்று கேட்டால் பதில் வராது. திருப்பிக் கொண்டுபோய் விடலாமென்று மியென் ஒரு தடவை வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தாள். டயர் அமுங்கவே இல்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, மந்திரக்காரரை வைத்து விரட்டிவிடலாம் என்றார்கள். கியெமின் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தெத்துக்கு வந்து உக்காந்தவங்கள எந்திரிச்சுப் போன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வராது," என்று முடித்துவிட்டாள்.

மியென் ஸ்கூட்டரை ஊரிலேயே விட்டுவிட்டு, பஸ் ஏறித் தெற்கே தன் செருப்புக் கம்பெனி வேலைக்குத் திரும்பினாள், அங்கே தெத்துக்கு மட்டும்தான் லீவு. ஆறு வருஷம், ஒவ்வொரு தெத் நாலாம் நாளும் மியென் அந்த ஐந்து பாலத்துக்குப் போனாள், ஒவ்வொரு வருஷமும் வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வந்தாள். இருமுகிறவர் ஒருத்தர், சீப்பில் நீளமான முடி விட்டுவிட்டுப் போகிற பெண் ஒருத்தி, ரேடியோவைத் திருகி எப்போதும் கடல்வானிலைச் செய்தி வைக்கிறவர் ஒருத்தர். கதவோரத்து நாற்காலி போதாமல் பெஞ்சு வாங்கிப் போட்டார்கள். ஐந்தாம் வருஷம், வடக்கே தான் ஹுவா என்ற ஊரிலிருந்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த ஈரக் காலடியைத் தரையில் உட்கார்ந்து தடவிப் பார்த்து, இது எங்கண்ணன் என்றாள். வலது காலில் இரண்டு விரல் இல்லை, அடையாளம் சரியாக இருந்தது. அவள் ஸ்கூட்டரில் அவர் ஏறிப் போனார். மியென் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பக்கத்து வீடு எதிலாவது யாராவது, சாராயம் தொடாதவர், வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டாள். அந்தப் பெண் விசாரித்துச் சொல்கிறேன் என்று போனாள். விசாரித்திருப்பாள், தகவல்தான் ஒன்றும் வரவில்லை. நடுவில் கம்பெனி மேஸ்திரி ஒருத்தர் மியெனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனுஷன். அவர் வண்டியின் பின்னால் உட்கார வேண்டி வரும் என்ற ஒன்றை நினைத்தே அவள் மாட்டேன் என்றாள்.

ஏழாம் வருஷம் கம்பெனியில் வேலை குறைந்துபோய், லீவு பத்து நாள் முன்னாலேயே விட்டார்கள். அதனால் மியென் அந்த ஐந்து பாலத்தையும் தெத்துக்கு முன்னாலேயே போய்த் தொட்டாள். நாலாவது பாலத்தடியில் ஒரு தேநீர்க் கடை திறந்திருந்தது. அவள் வந்த ஒவ்வொரு வருஷமும், பண்டிகைக்காக அது பூட்டியே கிடந்திருக்கிறது. பச்சைத் தேயிலைத் தண்ணீர் ஒரு கோப்பை வாங்கிக் குடித்துக்கொண்டே, யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று கடைக்காரம்மாவிடம் கதையைச் சொன்னாள். அந்தம்மா ஆச்சரியப்படவில்லை. பாலத்தடியில் முப்பது வருஷம் கடை போட்டவர்களுக்குக் கண் பழகிவிடும். கலசம் கட்டின வண்டிதானே, பின்னால் ஹெல்மெட் கட்டியிருந்ததே, நீதானா அது என்றாள். நீ கூப்பிடுவாய் என்று மூன்று பாலம் பொறுத்துப் பார்த்திருப்பான் போல, இங்கே ஒல்லியான ஆள் இறங்கி நின்றானே, சிமெண்ட் படிந்த சட்டை. கைப்பிடிச் சுவர்கிட்ட இருந்த இன்னொருத்தன் அந்த இடத்தில் சட்டென்று தாவி உட்கார்ந்துகொண்டான்.

"நீ ஒரு தடவ திரும்பிப் பாப்பேன்னுதான் நின்னான். வண்டி வளைவுல மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தான்," என்றாள் கடைக்காரம்மா. "அப்புறம் ஒரு வயசான பொம்பள, ஸ்கூட்டர்ல வடக்க போனா. மகனக் கூப்பிட்டுக்கிட்டே போனா, அப்படி ஒரு அழுகை. இவன் கொஞ்ச நேரம் நின்னு பாத்தான். ஏறிட்டான்."

எந்த ஊர் வண்டி என்று கேட்டாள் மியென். மழையில் நம்பர் தெரியவில்லை. சட்டை நிறம்? பிளாஸ்டிக் கோட்டு போட்டிருந்தாள், எல்லாரும் போடுகிற நீலக் கோட்டு. கேட்க வேறொன்றும் இல்லை. மியென் ஐந்தாவது பாலத்தில் யாரையும் கூப்பிடவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பின் டயர் அமுங்காமல் வீட்டுக்கு வந்தாள். நூற்றறுபது கிலோமீட்டரும் வண்டி பஞ்சு மாதிரி ஓடியது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கியெமின் அம்மா அடுப்படியில் தெத்துக்கான பான் சுங் சோற்றுப் பொட்டலங்களை இலையில் கட்டிக்கொண்டிருந்தாள். மியென் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் நின்று பார்த்ததையும் மறைக்கவில்லை. அம்மா கையிலிருந்த இலையைத் துடைத்தாள், துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள்.

"அழுதுகிட்டேவா கூப்பிட்டாளாம்?"

"ஆமாம்மா."

"அப்ப சோறு போட்டிருப்பா," என்றாள் அம்மா.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. புத்தாண்டுக்கு முந்தின மத்தியானம் அம்மா குளித்து, சேலை மாதிரி நீளமான தன் பழைய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெஞ்சுக்கு முன்னால் ஆறு கிண்ணம் வைத்தாள். எல்லாருக்கும் சோறு போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, கூச்சப்படாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லி, ஒவ்வொரு கிண்ணத்திலும் இன்னொரு கரண்டி வைத்தாள்.