இடது முன்பல்

தன் வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தை அவளே எழுதினாள். முதலாளிக்கு எழுதுவது பிடிக்காது. கையெழுத்து மட்டும் போடுவார்.

"பீங்கான் பல் செய்வதில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும். நிறம் பொருத்தத் தெரிந்திருக்க வேண்டும்."

விளம்பரம் இருபத்தெட்டு நாள் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் உள்ளூரில் தகுதியான ஆள் கிடைத்தால் வேலை அவருக்கு. கிடைக்காவிட்டால்தான் முதலாளி அவளுடைய விசாவை இன்னும் நான்கு ஆண்டு நீட்டிக்கக் கேட்க முடியும். விசா அவள் பெயரில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கணவனும், மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் இருந்தார்கள்.

இருபத்தைந்து நாள் யாரும் வரவில்லை. இருபத்தாறாம் நாள் ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு தோலுறையை எடுத்து மேசைமேல் விரித்தார். வரிசையாகத் தூரிகைகள். சொந்தத் தூரிகையோடு வருகிறவர் வேலை தெரியாதவராக இருக்க மாட்டார்.

"பத்தொன்பது வருஷ அனுபவமாம்," என்றார் முதலாளி, அவர் போன பிறகு. "நாளைக்குப் பரீட்சை வெச்சாகணும். வெக்காம விசா பாரத்துல என்னத்த எழுதறது?"

"யார் சார் வெக்கிறது?"

"எனக்குக் கண்ணு மங்கி ஆறு வருஷமாச்சு. நீதாம்மா."

அலமாரியில் ஓரம் சிதைந்த அச்சு ஒன்று கிடந்தது. அதில் செய்யும் எந்தப் பல்லும் எந்த வாயிலும் உட்காராது. முதலாளி அதை எடுத்து அவள் மேசைமேல் வைத்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டில் சொன்னாள்.

"அதையே குடுத்துட வேண்டியதுதானே," என்றான் கணவன். "நீ என்ன அரிச்சந்திரன் பேத்தியா?"

"உடைஞ்ச அச்சுல அவர் தோத்தா, நான் எதுல ஜெயிச்சேன்?"

"பாப்பா ஸ்கூல்ல ஜெயிச்சே. எனக்குச் சோத்துல ஜெயிச்சே."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தோத்துட்டு வந்து இந்த வசனத்தைச் சொல்லு. கேக்கறேன்."

காலையில் அவளுடைய வெள்ளைக் கோட்டு இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது.

சிதைந்த அச்சைக் குப்பையில் போட்டாள். அன்று கையில் இருந்த வேலையையே பரீட்சையாக வைத்தாள். பஸ் ஓட்டும் ஒரு டிரைவரம்மாவின் இடது முன்பல். இருவருக்கும் ஒரே அச்சு, ஒரே சூளை, ஆளுக்கொரு பல். மாலையில் பல் டாக்டரம்மா இரண்டையும் போட்டுப் பார்ப்பார். எது யாருடையது என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள். அவர் எதை ஒட்டுகிறாரோ அது தேறியது.

டிரைவரம்மாவை மருத்துவமனை ஜன்னலோரம் உட்காரவைத்து இருவரும் பார்த்தார்கள்.

"போட்டிக்கு யாரு?" என்று வந்தவர் கேட்டார்.

"நான்தாங்க."

"நீ பரீட்சை வெக்கிற ஆளுன்னு சொன்னாங்க."

"அதுவும் நான்தான். இது என் வேலை. இன்னும் நாப்பத்தோரு நாளைக்கு, விசா முடியற வரைக்கும்."

அவர் அவளைப் பார்த்தார். "என்னை இன்னும் ரெண்டு இடத்துல கூப்பிட்டிருக்காங்கம்மா. உனக்கு?"

"இது ஒண்ணுதான்."

அவர் தலையாட்டிவிட்டு நிற அட்டையை எடுத்தார்.

டிரைவரம்மாவின் வலது முன்பல் சொந்தப் பல். லேசான மஞ்சள். நுனியில் வெள்ளைப் புள்ளி. மேலிருந்து கீழே முடியளவு பழுப்புக் கீறல்.

"சோடா மூடியைக் கடிச்சுத் திறந்தேன்," என்றார் அந்த அம்மா. "இருபது வயசுல. திமிரு."

வந்தவர் நிறத்தைக் குறித்துக்கொண்டார். அவள் கீறலை நான்கு முறை வரைந்தாள்.

மதியத்துக்குள் அவருடைய பல் சூளையிலிருந்து வெளியே வந்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

அவளுடையதும் வந்தது. இரண்டு அடுக்குப் பீங்கானுக்கு நடுவே அவள் வைத்த பழுப்புக் கோடு, வேகும்போது பரவிக் கறையாகியிருந்தது. தூக்கிப் போட்டாள். மூன்று மணி நேரம் இருந்தது. அவளிடம் இருந்த மெல்லிய தூரிகை தேய்ந்து பிசிறடித்திருந்தது.

பக்கத்து மேசையிலிருந்து ஒரு தூரிகை நீண்டது.

"இதுல பாரு."

"உங்களுக்கு எதிரா வேலை செய்யப்போறேன்."

"தெரியுது. ஜெயிச்சா கழுவிக் குடு. தோத்தா நானே கழுவிக்கிறேன்."

தூளைக் குழைத்தாள். அடுக்கைக் கட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் கோட்டைப் போட்டாள். மேலே இன்னொரு அடுக்கு. சூளைக் கதவை மூடியபின் மூச்சு விட்டாள்.

மாலையில் டாக்டரம்மா முதல் பல்லைப் பொருத்தினார்.

"அழகா இருக்கே."

டிரைவரம்மா கண்ணாடியில் பார்த்தார். "அழகுதான். பக்கத்துல இருக்கற என் பல்லுதான் அழுக்கா தெரியுது."

இரண்டாவதைப் பொருத்தினார். தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். "இதையே ஒட்டிடறேன்," என்று சொல்லிவிட்டுப் பசை குழைக்கத் திரும்பினார். குழைத்துக்கொண்டு வந்து, பல்லைக் கழற்றப் பிடித்து அசைத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி அசைத்தார்.

"என்ன இது, இவ்வளவு இறுக்கமா செஞ்சிருக்காங்க."

டிரைவரம்மா அவர் கையைத் தட்டினார்.

"டாக்டரம்மா, அது எங்கம்மா குடுத்தது. உங்களுது பக்கத்துல இருக்கு."

முதலில் சிரித்தது வந்தவர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு டாக்டரம்மாவின் பூதக்கண்ணாடியை வாங்கி அந்தக் கீறலை நெடுநேரம் பார்த்தார்.

"என் தூரிகைதான்," என்றார். "என் கையில இருந்தப்ப இப்படியெல்லாம் செய்யலை."

அவள் அதைக் குழாயடியில் கழுவினாள். முடி கூராகும்வரை கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் தோலுறையில் செருகிக்கொண்டு போனார்.

பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பணிக்கு ஈடான திறமையுள்ள உள்ளூர் ஆள் கிடைத்தாரா? அவள் பேனாவை எடுத்தாள்.

"குடும்மா," என்றார் முதலாளி. தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, இல்லை என்று அவரே எழுதினார். கட்டத்தை விட்டு வெளியே போகுமளவுக்குப் பெரிதாக.

பாரம் அனுப்பிய பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. அவள் வேலை மேசையிலிருந்தே வீட்டுக்குப் பேசினாள்.

"வந்துடுச்சு. நாலு வருஷம்."

அந்தப் பக்கம் அவன் மகளிடம் ஏதோ சொல்வதும், நாற்காலி ஒன்று விழுவதும் கேட்டது. கணவன் திரும்ப வந்தான்.

"சரி, அந்த உடைஞ்ச அச்சு வசனத்தைச் சொல்லு. கேக்கறேன்."

அவள் எழுந்து நின்றாள். முழுவதையும் சொன்னாள். கூடத்தின் கோடியில் இருந்த முதலாளி தலையைத் தூக்கிப் பார்க்கும் அளவுக்கு, உரக்க.