காத்து வரணும்ல

ஓட்டை பெரிதாகிப் போயிருந்ததால் ஸ்க்ரூ பிடிமானமில்லாமல் சும்மா சுற்றியது. சீனிச்சாமி தீக்குச்சிகளின் மருந்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு ஓட்டைக்குள் திணித்து, திருப்புளியை இரண்டு கையாலும் அழுத்தித் திருகினார். இந்தத் தடவை மரம் கடித்துக்கொண்டது. ஜன்னலிலிருந்து கழற்றிப்போட்ட பழைய கைப்பிடியும் தேய்ந்த தாழ்ப்பாளும் வாய் அகன்றுபோன கொக்கியும் தரையில் விரித்த பேப்பரில் துருவோடு கிடந்தன. ஆசாரி புதன்கிழமைக்கு முன்னால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டாரோ மகளைப் பெண் பார்க்க இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வருகிறார்கள். அதனால் பஸ் கண்டக்டரான அவரே ஆசாரி வேலையில் இறங்கும்படி ஆகிவிட்டது. கட்டைவிரலில் தோல் உரிந்து எரிந்தது.

"சீனீ..."

கட்டிலில் கிடந்த அக்கா வெள்ளைத்தாய் கூப்பிட்டாள்.

"இங்கனதான்க்கா நிக்கேன்."

"சீனீ..."

கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம் அவளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. போன பேச்சில் தம்பியின் பேர் மட்டும் எப்படியோ நாக்கில் தங்கிவிட்டது. தண்ணீர் தவித்தாலும் சீனி, துணி நனைந்தாலும் சீனி, வலித்தாலும் சீனி. தொண்டையும் லேசுப்பட்ட தொண்டை இல்லை. திருச்சுழிப் பக்கம் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போட்ட நாளில், காட்டுக்கு அந்தக் கடைசியில் விளையாடப் போன தம்பியை இந்தக் கடைசியிலிருந்து கஞ்சிக்குக் கூப்பிட்ட தொண்டை. தாயில்லாப் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்த்து ஆளாக்கினாள். கட்டியவன் செத்தபின் வேறு எங்கும் போகாமல் தம்பியோடு இருந்துவிட்டாள். பாளையம்பட்டியில் இந்த வீடு எழும்பியபோது செங்கல் சுமந்ததும் அவள்தான்.

அக்கா கிடந்த அறையின் ஜன்னல் வராண்டாவைப் பார்த்து இருந்தது. தாழ்ப்பாள் தேய்ந்ததிலிருந்து கதவைச் சரியாகச் சாத்த முடியாது, ஒரு விரற்கடை இடைவெளி விட்டே நிற்கும். அந்தச் சந்து வழியாகத்தான் 'சீனி' என்ற கூப்பாடு தெருமுனை வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது. ஆவணியில் சாத்தூர்ப் பக்கமிருந்து மகள் அனுசியாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. "புத்திக்குச் சரியில்லாதவுகளோ? ஒங்க வழியில வேற யாருக்கும் இப்படி இருக்கா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அனுசியா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடச் சீனிச்சாமி தாங்கியிருப்பார்.

ஆகவே புதுக் கைப்பிடி, புதுத் தாழ்ப்பாள், சட்டத்தைச் சுற்றி ஒட்ட ரப்பர் பட்டை. கடைக்காரரிடம், "சத்தம் வெளிய போகக் கூடாது" என்று சொல்லித்தான் வாங்கினார்.

எதிர்வீட்டுக் கருத்தம்மாள் வராண்டாப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, லீவு நாளும் அதுவுமா திருப்புளியும் கையுமா நிக்க?"

சீனிச்சாமி பேப்பரில் ஸ்க்ரூவைத் தேடிக் குனிந்தார். கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த மனைவி தங்கமாரி, தலையைத் தூக்காமலேயே பதில் சொன்னாள்.

"மதினிக்குக் காத்து வரணும்ல. கொக்கி இல்லாம கதவு அடிச்சுக்கிட்டே கெடக்கு. அதான் மாத்துறாக."

"நல்லா இருப்ப தம்பி. கூடப் பொறந்தா இப்படில்ல பொறக்கணும்."

அவள் போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வேன் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டதும் சீனிச்சாமி ஜன்னலைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினார். ரப்பர் அமுங்கிக் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. தெருச் சத்தம் பட்டென்று அடங்கிப்போனது. தன் கைவேலையை நினைத்து அவருக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதை மறைப்பானேன். மேசை ஃபேனை முழு வேகத்தில் வைத்தார்.

"கொஞ்ச நேரந்தான்க்கா. அவுக போனதும் தெறந்து விட்டுருதேன்."

வெள்ளைத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். "சீனி" என்றாள். இந்தத் தடவை அது சத்தமாக இல்லை. அவர் அறைக் கதவையும் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா மாரிக்கண்ணன், மல்லாங்கிணற்றில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். வாய் ஓயாத மனுஷர். கேசரியை வழித்துச் சாப்பிட்டபடியே, புதிதாகக் கட்டுகிற வீட்டைப் பற்றிப் பேசினார். பூச்சு முடிந்துவிட்டது, கதவு ஜன்னலுக்குச் சாமான் வாங்குவதுதான் பாக்கி என்றார். மாப்பிள்ளைப் பையன் அனுசியாவை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சீனிச்சாமிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது.

"வெளிய உக்காருவோம், காத்தாவது வரும்" என்று மாரிக்கண்ணன் தானே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சீனிச்சாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"ஒங்களுக்கு ஒரு அக்கா இருக்காகன்னு சொன்னாகளே?"

"உள்ள தூங்குறாக. மாத்திரை போட்டா இப்போதைக்கு முழிக்க மாட்டாக."

காப்பித் தட்டோடு வந்த அனுசியா அப்பா பக்கத்தில் குனிந்தாள். "அத்தை ரூம்ல ஃபேன் நின்னுருக்கும்ப்பா. நான் போயி விசிறவா?"

"இப்பப் போகாத" என்றார் அவர், உதட்டை அசைக்காமல். "கதவத் தெறந்தா சத்தம் வந்துரும்."

அனுசியா சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தட்டோடு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

கரண்டு வரவில்லை. பேச்சு மழை இல்லாததில் தொடங்கி மிளகாய் விலைக்குப் போய், அங்கிருந்து வீரசோழன் ரூட்டில் சீனிச்சாமி டிக்கெட் கிழித்த கதைக்கு வந்தது. அவரும் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். வெயில் ஏறி, வராண்டாத் தரை சுட ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் எழுந்தார்கள். வேன் முக்குத் திரும்பும் வரை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவர் அறைக்கு ஓடினார்.

உள்ளே அனலாக இருந்தது. வெள்ளைத்தாய் ஜன்னல் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. நல்ல கை கட்டிலுக்கு வெளியே நீண்டு தொங்கியது. தொட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் முதலில் செய்த காரியம் ஜன்னலைத் திறந்ததுதான். இரண்டு கதவையும் விரியத் தள்ளி, புதுக் கொக்கியை மாட்டினார். அதன் பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டார்.

தங்கமாரி வந்து பார்த்தாள். அழவில்லை. திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்து, நாத்தியின் கழுத்திலும் நெற்றியிலும் காயாமல் நின்ற வேர்வையைத் துடைத்தாள். துடைத்து முடித்தபின்தான் அவளுக்குக் குரல் வெடித்தது. தெரு ஜனம் ஓடி வந்தது.

எல்லோருக்கும் முதலில் கண்ணில் பட்டது ஜன்னல்தான். "பாவி மக, தம்பி மாட்டிக் குடுத்த சன்னல்ல ஒருநா காத்து வாங்கக் குடுத்து வைக்கலையே" என்றாள் கருத்தம்மாள். அவள் சொன்னது வந்தவர்கள் வாயிலெல்லாம் ஏறிக்கொண்டது.

சீனிச்சாமி அன்றைக்கு முழுவதும் ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். ஜன்னல்தானே, சுவரா என்ன? அதுவும் அந்தத் தொண்டை. கேட்கவில்லை என்றால் கூப்பிடவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோதெல்லாம் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

மறுநாள் காலையில் வராண்டாவை ஒட்டிப் போட்ட பந்தலடியில் பெண்கள் வட்டமாகக் கூடி ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு மாரடித்தார்கள். கருத்தம்மாள் ஒப்பாரி எடுத்தாள்.

"காத்து வரலையின்னு கண்ணு கலங்கினியோ
கூடப் பொறந்த தம்பி குறிப்பறிஞ்சு வந்தானே
புதுக்கொக்கி மாட்டி வச்சான் பூங்காத்தத் தொறந்துவிட்டான்
ஒருநா ஒறங்கலையே ஓடி மறஞ்சியே..."

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கிற குரல். பெஞ்சில் இருந்த ஆம்பளைகள் சீனிச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து வந்து தோளைத் தட்டினார். அவமானத்தில் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நடுவீட்டில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனுசியா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஒருவராவது தன்னைப் பழித்துப் பேசினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஒருவரும் பேசவில்லை.

மாரிக்கண்ணன் மாலையோடு வந்தார். பெட்டி மேல் சாத்திக் கும்பிட்டுவிட்டு, சீனிச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தெருவுல எறங்குன ஒடனே சொன்னாக. நேத்து நாங்க வர்ற நெருக்கடியிலயும் அக்காவுக்குக் காத்து வரணும்னு நீங்களே ஒக்காந்து சன்னல் மாத்துனீகளாம்ல. ஒரு வார்த்த சொல்லலையே சம்மந்தி நீங்க."

சம்மந்தி என்ற சொல் சீனிச்சாமியைக் குத்தியது. "அதில்ல..." என்று வாயெடுத்தார்.

"ஒண்ணும் சொல்லாதீக. காரியம் முடியட்டும், மத்தத அப்புறம் பேசுவோம். இப்படிப்பட்ட வீட்டுல பொண்ணெடுக்க நாங்கதான் குடுத்து வச்சிருக்கணும். எங்க, அந்த ரூமக் காட்டுங்க."

காட்டினார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பாயையும் விரிப்பையும் எடுத்துப்போட்டதில் கட்டில் மொட்டையாகக் கிடந்தது. வீடு கட்டுகிற மனுஷருக்குக் கை சும்மா இருக்குமா. மாரிக்கண்ணன் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார், ஸ்க்ரூக்களை நகத்தால் நிமிண்டினார், ரப்பர் பட்டையை அமுக்கினார். கொக்கியைக் கழற்றி இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினார்.

கருத்தம்மாளின் ஒப்பாரி நின்றுபோனது.

ஜன்னலின் பூப்போட்ட மங்கல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உருவம் தெரிந்தது. அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டும் மாரில் அடித்துக்கொண்டும்தான் இருந்தது. சீனிச்சாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அடுத்த தெருவில் யாரோ முனகுவது போல லேசாக ஏதோ வந்தது. அதுகூட அவள் அங்கே நிற்பது தெரிந்ததால்தான் கேட்டது.

அவர் கட்டிலைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடேயப்பா! பொட்டுச் சத்தம் வரலையே" என்றார் மாரிக்கண்ணன். "எங்க புது வீடு மெயின் ரோட்டு மேல. ராத்திரி பூரா லோடு லாரியா போகும். எந்தக் கடையில வாங்குனீக?"

பெட்டிப் பக்கத்து விளக்குக்கு எண்ணெய் எடுக்க வந்த அனுசியா அறை வாசலில் நின்றாள். அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பந்தல்குடி ரோட்டுல" என்றார் சீனிச்சாமி. செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

"பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்புல. ரப்பர் பட்டையும் சேத்துக் கேளுங்க."