யார் யாரை முந்துவது

ஒரு கார் இன்னொரு காரை முந்துவதற்கு இத்தாலியர்கள் சொல்லும் வார்த்தை சொர்பாசோ. அங்கே கட்சிகளுக்கும் அதையே சொல்லிப் பழகிவிட்டார்கள். எங்கள் ஸ்பெயின் தொலைக்காட்சிக்காரர்கள் அதைக் கடன் வாங்கி, தேர்தல் நடந்த அந்த ஜூன் மாதம் முழுக்க எங்கள் காதில் ஓதினார்கள். புதிய இடதுசாரிக் கட்சி எங்கள் பழைய கட்சியை முந்தப்போகிறதாம்.

என் தங்கை எர்மினியா அந்தப் புதுக் கட்சி. நான் பழசு.

"உங்க கட்சிக்கு மூச்சு வாங்குது, ஓரமா ஒதுங்குங்க" என்றாள் ஒருநாள்.

"நேத்து பொறந்த கட்சிக்கு இவ்வளவு வாயா? உன்னைத் தூக்கி வளர்த்ததே நான்தான்டி" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. அடுத்த தெருவில் இருந்துகொண்டே என் முகத்தில் விழிக்கவில்லை. தேர்தலைவிட அதுதான் எனக்கு வலித்தது. ஆனால் நானாகப் போய்ப் பேசுவேனா?

வாக்குப்பதிவு நாளில், பள்ளிக்கூடத்தில் ஒரே வாக்குப்பதிவு மேசைக்கு இருவரும் பூத் ஏஜென்ட். நடுவில் வலதுசாரிக் கட்சி ஏஜென்ட், மருந்துக்கடை லியாந்த்ரோ.

"கசில்தா, நீங்க ரெண்டு பேரும் என்னைத் தாண்டித்தான் முறைக்கிறீங்க, எனக்குச் சுடுது" என்றார்.

இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஜூனில் எங்கள் ஊரில் அப்போதும் வெளியே நல்ல வெயில். மேசைத் தலைவி வாக்குச்சீட்டு உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்சிப் பெயரைப் படித்தாள். நான் தாளில் கோடு போட்டேன், எர்மினியாவும் போட்டாள். நான் அவள் தாளை எட்டிப் பார்ப்பேன், அவள் என் தாளை எட்டிப் பார்ப்பாள். கடைசி உறையில் நாங்கள்தான் கொஞ்சம் முன்னால். அவர்களால் முந்த முடியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"முதல் இடம் யாருக்குன்னு யாருமே கேக்கலையே" என்றார் லியாந்த்ரோ.

என் தாளைப் பார்த்தேன். நாங்கள், அவர்கள் என்று இரண்டே பத்தி. எர்மினியாவின் தாளிலும் அதே கதை. லியாந்த்ரோவின் தாளில் அவர் கட்சி எங்கள் இருவரையும் முந்தி எங்கேயோ போயிருந்தது. தலைவி அத்தனை முறை படித்தும் அந்தப் பெயர் எங்கள் காதில் ஏறவில்லை. அவமானமாக இருந்தது.

லியாந்த்ரோ எழுந்து போனதும் எர்மினியா அவர் நாற்காலிக்கு நகர்ந்தாள். என் தாளை இழுத்துத் தன் தாளோடு சேர்த்து வைத்தாள்.

"அக்கா, ரெண்டையும் கூட்டு."

"கூட்டி?"

"கூட்டேன், சும்மா."

கூட்டினேன். லியாந்த்ரோவைத் தாண்டியது. அவள் என் பேனாவைப் பிடுங்கி மறுபடி கூட்டினாள். என் கணக்கைச் சின்ன வயதிலிருந்தே அவள் நம்பியதில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா தலைமை எங்களுக்குத்தான்."

"எவடி சொன்னா?" என்றேன்.

வீடுவரை சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து நடந்தோம்.